கடைசிக் குழாய்

இரைச்சல் என்றால் இரைச்சல்தானே, அதற்கு வேறு என்ன அர்த்தம் இருந்துவிடப் போகிறது என்று இஞ்ஞாசி நினைத்துக்கொண்டிருந்தார். அரங்கத்தின் கடைசி வரிசையில், பின்சுவரில் தலை முட்டுகிற நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஏசிக் குளிர் முழங்காலுக்குள் இறங்கிக் குடைந்தது. வெளியே சென்னையின் மத்தியான வெயில் மண்டையைப் பிளக்கும்போது உள்ளே இப்படி மார்கழி மாதத்தை அடைத்துவைத்திருக்கிறார்கள். முன்னால் சிவப்பு மெத்தை போட்ட காலி நாற்காலிகள் வரிசை வரிசையாக இறங்கிப்போய் மேடையில் முடிந்தன. மேடையில் சில பையன்கள் வயரை இழுத்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம்தான் கச்சேரி, இப்போது ஒத்திகை. அவள் இன்னும் வரவில்லை. வரட்டும், வராமல் போகட்டும். அவர் ஒன்றும் மகளைப் பார்க்க வரவில்லை. ஸ்பீக்கரைப் பார்க்க வந்தார். தூத்துக்குடியில் ரயில் ஏறும்போதே மச்சினன் பெலவேந்திரனிடம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். "நான் ஸ்பீக்கரப் பாக்கத்தான் வாரேன், கேட்டியா. மெட்ராஸ்ல இப்பல்லாம் வாழைத்தார் கணக்கா தொங்க விடுதாவளாம்லா, அத ஒரு தடவ கண்ணால பாத்துரணும்." பெலவேந்திரன், "பாரும் அத்தான், நல்லாப் பாரும், யாரு வேண்டாம்னா" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டான். சிரித்ததை இவர் கவனிக்காத மாதிரி இருந்தார். ஆனால் கவனித்தார். கவனித்ததை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டார். அவர் உள்ளே எடுத்து வைத்த எதுவும் இன்றுவரை கெட்டுப்போனதில்லை. இப்போது வாழைத்தார் இரண்டும் மேடையின் இரண்டு பக்கமும் கறுப்பாகத் தொங்குகின்றன. பார்த்தாகிவிட்டது. வந்த வேலை முடிந்தது. எழுந்து போய்விடலாம். போகாமல் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் வீட்டில் இசை இல்லை, இரைச்சல்தான் இருந்தது. அவள் சொன்னது அதுதான். வெளிநாட்டில் எங்கேயோ இங்கிலீஷில் பேட்டி கொடுத்திருக்கிறாள், அதை நம் ஊர்ப் பேப்பர்காரன் எடுத்துத் தமிழில் படத்தோடு போட்டுவிட்டான். அன்றைக்கு இஞ்ஞாசி சலூன் நாற்காலியில் இருந்தார். ஒரு கன்னம் மழித்தாயிற்று, மறு கன்னத்தில் சோப்பு. பெலவேந்திரன் பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான், "அத்தான், நம்ம பிரகாசி பேப்பர்ல வந்திருக்கா" என்று, கத்தரி சத்தம்கூட நின்றுபோய் சலூனே காதைத் தீட்டிக்கொண்டு இருக்க, நீட்டி முழக்கி வாசித்தான். வாசிக்கிற வேகத்தில் அந்த வரியையும் வாசித்துவிட்டான். வாசித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. சலூன்காரன் கத்தியைத் துடைக்கத் தொடங்கினான். இஞ்ஞாசி ஒரு கன்னத்துச் சோப்போடு எழுந்து தெருவில் நடந்து வீட்டுக்கு வந்துவிட்டார். பிறகு தனியாக அந்தப் பேப்பரை எடுத்து எழுத்துக் கூட்டிப் பார்த்தார். படிப்பு அவருக்கு அவ்வளவுதான், தமிழைக்கூட விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத்தான் பிடித்துக்கொண்டு போக வேண்டும். இ, ரை, ச், ச, ல். எத்தனை தரம் விரலை ஓட்டினாலும் அதேதான் வந்தது. அன்றிலிருந்து மகளோடு பேச்சு இல்லை. அவள் போன் பண்ணுவாள், இவர் பெலவேந்திரன் கையில் கொடுத்துவிடுவார். அந்தச் சொல்லை அவள் வாயால் திரும்ப எடுக்கிறவரை தன் வாய் அவளுக்குத் திறக்காது என்று செத்துப்போன மனைவி செலஸ்தியின் படத்துக்கு முன்னால் நின்று சொல்லியிருக்கிறார். செலஸ்தி படத்தில் எப்போதும்போல் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

இரைச்சலாம். யாரைப் பார்த்து. தூத்துக்குடியில் திருநாள் என்றால் இஞ்ஞாசி ரேடியோ செட் கட்டாமல் கொடி ஏறியதுண்டா. கோயில் வாசலில் முதல் ஒலிபெருக்கிக் குழாய், கிணற்றடியில் ஒன்று, சங்கு அடுக்கிவைக்கிற கிட்டங்கிக்கு எதிரே ஒன்று, இப்படி வேப்பமரம் மின்கம்பம் என்று ஏறி ஏறிக் கட்டிக்கொண்டே போய், கடைசிக் குழாய் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஐஸ் கம்பெனி மாடியில். வாய் அகன்ற தகரக் குழாய்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல் உண்டு. கிணற்றடிக் குழாய்க்குச் சளி பிடித்த தொண்டை. கிட்டங்கிக் குழாய் பொம்பளைக் குரல் வந்தால் கீச்சிடும். கடைசிக் குழாய்தான் கெட்டி. கச்சான் காற்று அடிக்கிற நாளில் மைக்கில் ஒரு வார்த்தை சொன்னால், அது வாசல் குழாயில் உடனே விழும், அப்புறம் கிணற்றடி, அப்புறம் கிட்டங்கி, எல்லாம் விழுந்து ஓய்ந்த பிறகு ஐஸ் கம்பெனியிலிருந்து வேறு எவனோ ஒருத்தன் சொல்வதுபோல் அதே வார்த்தை காற்றில் ஆடி ஆடித் திரும்பி வரும். அது வந்து சேர்வதற்கு முன்னால் அடுத்த வார்த்தையைச் சொன்னால் இரண்டும் மோதிக்கொண்டு ஒருவனுக்கும் ஒன்றும் விளங்காது. அன்பார்ந்த, என்று சொல்லிவிட்டு நிற்க வேண்டும். வந்துவிட்டதா. இறைமக்களே. நிற்க வேண்டும். மற்ற மைக்செட்காரர்களுக்கு இந்தப் பொறுமை கிடையாது, படபடவென்று கொட்டிவிட்டு ஊரையே செவிடாக்குவார்கள். இஞ்ஞாசி நிற்பார். நின்று நின்று அது நாக்கில் ஏறிவிட்டது. வீட்டிலும் அப்படித்தான். செலஸ்தி பக்கத்து வீட்டுக்காரிகளிடம் சொல்லிச் சிரிப்பாள்: "எங்க வீட்டு ஆள்ட்ட சாப்பிடுதியளான்னு கேட்டுட்டு நான் போயி ஒரு குடம் தண்ணி எடுத்துட்டு வந்துருவேன். வந்து சேரவும் 'ம், வையி'ன்னு பதில் வரும்." அதற்கும் அவர் கோபப்பட்டிருக்கிறார். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் வேறு பேச்சுக்குப் போய்விடுவாள்.

செட் கட்டி முடிந்ததும் சோதிக்க வேண்டும், கடைசிக் குழாய் பேசுகிறதா என்று. மைக்குக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்கு அது தெரியாது. யாராவது அங்கே போய் நிற்க வேண்டும். பிரகாசி போய் நிற்பாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சிவப்புத் துண்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஐஸ் கம்பெனிக்கு ஓடுவாள். இவர் மைக்கில், "பிரகாசி. கடைசிக் குழாய்ல. கேக்குதா" என்பார். தெருக்கோடியில் ஒரு சிவப்புப் புள்ளி ஆடும். அதுதான் அவளுடைய "கேக்குது". அந்தச் சிவப்புப் புள்ளி ஆடினால் அன்றைக்குத் திருநாள் நல்லபடியாக நடக்கும். பிறகு ஓடிவந்து மைக்கைப் பிடித்துக்கொள்வாள், எப்பா ஒரே ஒரு பாட்டு, எப்பா ஒரே ஒரு பாட்டு. பாடுவாள். ஒரு அடியைப் பாடிவிட்டு நிற்பாள். தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பாள். ஐஸ் கம்பெனி சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த அடி. சனம் தன் வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்க்கும், பாட்டு நின்றுவிட்டதோ, கரண்ட் போய்விட்டதோ என்று. அப்போது வரும். அப்படி வரும்போது உடம்பெல்லாம் சிலிர்க்கும். அது இரைச்சலா? ஆனால் செலஸ்தி கடைசிக் காலத்தில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தாளே. வீட்டுக்குள் எந்நேரமும் ஆம்ப்ளிஃபயர் திறந்து கிடக்கும், சோறு தின்கிற இடத்தில் வயர் பற்றவைத்த ஈயம் மணக்கும், மைக்கும் குழாயும் முகத்துக்கு முகம் பார்த்தால் கூய்யென்று ஒரு கூவல் பல்லைக் கூசவைக்கும். அவள் காதுவலிக்காகத்தான் பஞ்சு வைத்தாள். காதுவலி என்று அவளேதான் சொன்னாள். காதுவலிதான். அந்த இடத்தில் வந்து நினைப்பு சிக்கிக்கொண்டது, தரையில் இழுத்த வயர் நாற்காலிக் காலில் மாட்டிக்கொள்வதுபோல. இஞ்ஞாசி அதை உதறிவிட்டு மேடையைப் பார்த்தார். ஒரு பையன் ட்ரம்ஸைத் தட்டினான். டப். பின்சுவரில் பட்டுத் திரும்பியது. டப். நல்ல சுவர்.

லெயோன் மாஸ்டர் இருந்தால் இந்தச் சுவரைக்கூடக் குறை சொல்லியிருப்பார். கோயிலில் பாடற்குழு நடத்திய லெயோன். பிரகாசியைக் குழுவில் சேர்த்துவிட்டு வந்த இரண்டாம் ஞாயிறே, பூசை முடிந்து சனமெல்லாம் வெளியே நிற்கும்போது, எல்லார் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னார்: "ஓய் இஞ்ஞாசி, உம்ம மகளக் கூட்டிட்டுப் போயிரும். தாளம் பிந்துது வே அவளுக்கு. எல்லாப் பிள்ளையளும் ஆமென் சொல்லி முடிச்சி வீட்டுக்குப் போயி இட்லி தின்னுட்டிருக்கும்போது இவ ஆமென்னு ஆரம்பிக்கா." எல்லாரும் சிரித்தார்கள். அழகாகத்தான் சொன்னார், சிரிப்பு வரத்தான் செய்யும். இஞ்ஞாசிக்கு அதற்கு ஒரு நல்ல பதில் இருந்தது. அது வந்து சேர்வதற்குள் லெயோன் மாஸ்டர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அந்தப் பதில் இன்னும் உள்ளே அப்படியே இருக்கிறது. மாஸ்டர் இறந்த அன்றைக்கு ரேடியோ செட் இஞ்ஞாசிதான் கட்டினார், கட்டமாட்டேன் என்று சொல்ல முடியுமா, சாவு வீடு. ஆனால் கடைசிக் குழாயைக் கட்டவில்லை. ஊரில் பாதிப்பேருக்குச் சாவுச் செய்தி கேட்டிருக்காது. கேட்காமல் போகட்டும்.

பிந்துகிறவள்தான் போனாள், எல்லாருக்கும் முன்னால் போனாள். மெட்ராஸில் காலேஜ் படிக்கும்போதே பெரிய ஹோட்டல் ஒன்றில், தின்றுகொண்டிருப்பவர்கள் யாரும் நிமிர்ந்து பார்க்காத இடத்தில் நின்று பாடினாள். சினிமாவுக்கு டிராக் பாடினாள். டிராக் என்றால், இவள் முதலில் பாடிவைப்பாள், பிறகு பெரிய பாடகி வந்து அதைக் கேட்டுப் பாடியதும் இவள் குரலை அழித்துவிடுவார்கள். சுவரில் எழுதி அழிக்கிற மாதிரி. அப்படி ஒரு பாட்டு டீக்கடைகளில் எல்லாம் ஓடியது. பெரிய பாடகி சரியாகத் தாளத்தில் பாடியிருந்தாள், ஒரே ஒரு இடத்தைத் தவிர. அந்த ஒரு இடத்தில் கொஞ்சம் நின்று வந்தாள். டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இஞ்ஞாசிக்குப் புரிந்துவிட்டது, அது தன் பிள்ளையிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்று. குரலை அழித்தார்கள், அதை அழிக்க முடியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. டீ ஆறிப்போயிருந்தது. அப்புறம் அவள் பெங்களூர் போனாள். அங்கே நாகாலாந்துப் பையன் ஒருவன் கிடார் வாசித்தான். அவன்தான் அவளிடம், நீ அவசரப்படாதே, உனக்கென்றே ஒரு பாட்டுவகை இருக்கிறது என்று சொன்னானாம். அதற்குப் பேர் நியோ சோல். தெருவில் கேட்டார்கள், "என்ன பாட்டு வே பாடுதா உம்ம மக?" "நியோ சோல்." "சோளமா?" "சோல்டா. ஆத்துமம்." "ஆத்துமத்த எப்படி வே பாடுவாவ?" அதற்கும் பதில் உடனே வரவில்லை. கொஞ்ச நாளில் சோளக்காரர் என்று பட்டப்பேர் விழுந்தது. விழட்டும். பெர்லினில் பாடினாள், ஆப்பிரிக்காவில் டர்பனில் பாடினாள். பெலவேந்திரனின் போனில் பார்த்தார், அவன் தூங்கிய பிறகு எடுத்துப் பார்த்தார், பேச்சு இல்லை என்று ஆன பிறகும் பார்த்தார். ட்ரம்ஸ் முன்னால் போய்விடும். கிடார் போய்விடும். அவள் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பாள். வெள்ளைக்காரர்களும் கறுப்பர்களுமாக அத்தனை பேர் கண்ணை மூடிக்கொண்டு காத்துக்கொண்டிருப்பார்கள். யாருக்கும் கரண்ட் போய்விட்டதோ என்ற பயம் இல்லை. பிறகு வருவாள், எல்லாம் போய் முடிந்த இடத்துக்கு, சாவகாசமாக, தன் வீட்டு நடைக்குள் வருகிற மாதிரி. இப்படிப் பிந்தி வருவதற்கு உலகத்தில் ஆள் இல்லை என்று எழுதினார்களாம். அமெரிக்காவின் பழைய ரெக்கார்டுகளைக் கேட்டுக் கற்றிருப்பாள் என்றும் எழுதினார்களாம். அமெரிக்காவாம். ஐஸ் கம்பெனிடா அது, ஐஸ் கம்பெனி. என் கையால் மாடியில் ஏறிக் கட்டிய குழாய். இதை அவளாவது சொல்லியிருக்கலாம். சொன்னாளே. இரைச்சல் என்று சொன்னாள்.

அவள் மேடைக்கு வந்துவிட்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். கழுத்து அவள் அம்மாவுடைய கழுத்து. செருப்பை ஓரத்தில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்தாள். மைக்கைத் தொடுவதற்கு முன்னால் தொங்குகிற ஸ்பீக்கரை மேலிருந்து கீழே பார்த்தாள், பிறகு அதிலிருந்து இறங்குகிற வயரைப் பிடித்துக்கொண்டு கண்ணாலேயே போனாள், மூலை திரும்பி, திரைக்குப் பின்னால் மறைகிறவரை. பாடுகிறவள் எவளாவது வயரைப் பார்ப்பாளா. செட் போட்டவன் மகள் பார்ப்பாள். இஞ்ஞாசி நாற்காலியில் கொஞ்சம் கீழே சரிந்து உட்கார்ந்தார். இருட்டுதான், தெரியாது. பெலவேந்திரன் சொல்லியிருப்பானோ. சொல்லியிருந்தால் அவனோடும் பேச்சு கிடையாது. அவள் ஒரு அடி பாடினாள். பின்சுவரில் பட்டு, இஞ்ஞாசியின் பிடரிக்குப் பின்னாலிருந்து அவள் குரல் திரும்பி மேடைக்குப் போனது. அரங்கின் நடுவில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த நிகில் என்ற சவுண்ட் பையன் தன் மைக்கில் சொன்னான்: "அக்கா, பின்சுவத்துல அடிச்சுத் திரும்புது. உங்களுக்கு அங்க தொந்தரவா இருக்கும். கனமான திரை இருக்கு, இழுத்து மூடிரட்டுமா?" மூடாதே என்று இஞ்ஞாசிக்குள் ஒரு குரல் எழுந்தது. மூடச் சொல்லிவிட்டால்? அவளே மூடச் சொல்லிவிட்டால் எல்லாம் பொய். ஐஸ் கம்பெனி பொய், இவர் உள்ளே பூட்டி வைத்திருந்ததும் பொய், அது வெறும் இரைச்சல், செலஸ்தி காதில் பஞ்சு வைத்தது காதுவலிக்காக இல்லை.

"ஐயோ, மூடிராத நிகில்," என்றாள் அவள். "அது இருக்கட்டும். அது இல்லேன்னா எனக்குப் பாடவே வராது." "தாளம் கொழப்பாதா அக்கா?" "எனக்கா?" என்று சிரித்தாள். "எங்க வீட்ல மியூசிக்கே கெடையாதுப்பா. சவுண்டுதான். இஞ்ஞாசி சவுண்டு. தெரியும்ல? தூத்துக்குடிப் பக்கம் போனா பேரச் சொல்லிப் பாரு, சும்மா பயந்துருவாங்க." ட்ரம்ஸ் பையன் ஒரு தட்டுத் தட்டி அதற்குச் சலாம் போட்டான். எல்லாரும் சிரித்தார்கள், லெயோன் மாஸ்டருக்குச் சிரித்த சிரிப்பு இல்லை, வேறு சிரிப்பு. எங்க வீட்ல மியூசிக் கெடையாது, சவுண்டுதான். எங்கள் வீட்டில் இசை இல்லை. இசை இல்லை, இ, ரை. விரல் அந்த இடத்தில் நின்றது. பக்கத்தில் பெலவேந்திரன் முறுக்குத் தின்றுகொண்டிருந்தான். "ஏ பெலவேந்திரா." "என்ன அத்தான்." "சவுண்டுக்குத் தமிழ்ல என்ன?" "சவுண்டுக்கா? சத்தம்." "இரைச்சல்னும் சொல்லலாமா?" "சொல்லலாம். பேப்பர்ல எழுதுதவன் எத வேணாலும்..." என்றவன் முறுக்கைக் கடித்த மேனிக்கு நிறுத்தினான். முறுக்கைப் பொட்டலத்தில் திரும்ப வைத்துவிட்டு பெலவேந்திரன் மெதுவாகச் சொன்னான், "உம்ம போர்டுலயே சவுண்டுன்னுதான அத்தான் போட்டிருக்கு." போட்டிருக்கிறது. வாசல் நிலைக்கு மேலே, நீலத்தில் வெள்ளை எழுத்து, இஞ்ஞாசி சவுண்ட் சர்வீஸ். அவள் வாய் சொன்னது அந்த போர்டை. எவனோ ஒரு பேப்பர்காரன் அதைத் தமிழாக்கி வீட்டு வாசலில் எறிந்துவிட்டுப் போயிருக்கிறான். அவன் பேர் என்னவோ. அவன் பேரைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்து அவனையும் உள்ளே லெயோன் மாஸ்டருக்குப் பக்கத்தில் எடுத்து வைக்க வேண்டும். அந்தக் கோபம் சுகமாக இருந்தது, குளிருக்குப் போர்வை மாதிரி. அதைப் போர்த்திக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கலாம் என்று நினைத்தார்.

"எப்பா," என்றது வாழைத்தார். அவள் நெற்றிக்கு மேல் கையை வைத்து, விளக்கு வெளிச்சத்தைத் தாண்டிக் கடைசி வரிசையைத் தேடிக்கொண்டிருந்தாள். பெலவேந்திரன் அவசரமாகக் குனிந்து செருப்பைத் தேடினான். "எப்பா. கடைசிக் குழாய்ல. கேக்குதா?" அவர் சொல்கிற அதே மாதிரி, அவர் நிறுத்துகிற அதே இடத்தில் நிறுத்தி. குரல் அவர் தலையைத் தாண்டிச் சுவருக்குப் போனது. இஞ்ஞாசி அதன் பின்னாலேயே போனார். அது சுவரைத் தொட்டது, திரும்பியது, காலி நாற்காலிகளின் மேல் இறங்கி இறங்கி மேடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அவருக்கு அப்போதுதான் ஒன்று தோன்றியது. ஐஸ் கம்பெனிக் குழாய்க்கு நேர் கீழே நின்ற பிள்ளைக்கு அதன் குரல் பிந்தி வந்திருக்காது. நின்று பாடுவதை மைக்குக்கு வந்த பிறகு அவள் கற்றுக்கொள்ளவில்லை. அங்கே, துண்டோடு நிற்கும்போது, அவள் தலைக்கு மேல் ஒரு வார்த்தை விழுந்திருக்கும், உடனே. பிறகு ஒன்றுமே இல்லை, கடல் மட்டும். பிறகு அடுத்த வார்த்தை. அந்த ஒன்றுமே இல்லாதது குழாயினுடையது இல்லை. காற்றினுடையதும் இல்லை. அவருடையது. அவர் நின்றது. அவர் நின்ற நிலையைத்தான் பெர்லினில் அத்தனை பேர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள்.

"அக்கா, அங்கிள் தூங்கிட்டாரு போல," என்றான் ட்ரம்ஸ் பையன். நிகில் திரும்பிப் பார்த்தான். பெலவேந்திரன் முழங்கையால் இடித்தான், "அத்தான், பிள்ள கேக்கால்லா, சொல்லும்." அவள் மேடையில் கையை உயர்த்தி எல்லாரையும் அமர்த்தினாள். தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"இரு," என்றாள். "வரும்."

இஞ்ஞாசி எழுந்தார். முழங்கால் குளிர்ந்து மரத்துப்போயிருந்தது, முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்தார். வெள்ளைத் துண்டு. சிவப்பு இல்லை, பரவாயில்லை. தலைக்கு மேலே தூக்கி ஒருமுறை ஆட்டினார். பிறகு, மைக் இல்லாமல், சொன்னார்.

"கேக்குது மக்கா. நல்லாக் கேக்குது."

சொல்லிவிட்டு, அது மேடை வரைக்கும் போய்ச் சேரட்டும் என்று நின்றார்.